இடது நூறு, வலது நாற்பது

அத்தான் ஹெட்போனைக் குல்லாவுக்கு மேலேயேதான் மாட்டுவார். கம்பளிக் குல்லாவைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டு, அதன் மேல் மஃப்ளரைச் சுற்றி, அதற்கும் மேல் ஹெட்போன். கொடைக்கானலில் குல்லா இல்லாத தலையைப் பார்ப்பது அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் துப்பாக்கி விளையாட்டுக்கு உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை மட்டும் வைத்து எதிரி எந்தச் சுவருக்குப் பின்னால் வருகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டிய மனிதர் காதை இப்படி மூட்டை கட்டிக்கொண்டால் எப்படி? "குல்லாவக் கழட்டுங்க அத்தான், அப்புறம் சத்தம் கேக்கலன்னு என்னைத் திட்டக் கூடாது" என்பேன். "குளுருது புள்ள, நீ உன் சோலியப் பாரு" என்பார். மேசையில் ஒரு டீ டம்ளர், பக்கத்தில் வேர்க்கடலைப் பொட்டலம், மடியில் ஒரு துண்டு. அந்தக் கோலத்தில் அவர் சண்டைக்குப் போவதைப் பார்த்தால் எதிரிக்கே சிரிப்பு வந்துவிடும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்தத் தலைதான்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பிறந்தது பூம்பாறையில், பூண்டு போடுகிற குடும்பத்தில். தொழில் பஸ் டிரைவர். ஒரு தனியார் வண்டியை வெள்ளனே கொடைக்கானலில் எடுத்து, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகக் கிளாவரை போய்த் திரும்புவார். போகும்போது ஆட்கள், வரும்போது ஆட்களும் கேரட், பூண்டு மூட்டைகளும். எனக்குக் கொடைக்கானலில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை. விடுதிகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வேன், கேட்பவர்களுக்குப் பாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிக் கொடுப்பேன். பொம்பளப் பிள்ளை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதை ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. அதனாலோ என்னவோ, என் கையால் பூட்டிய பெட்டியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று வந்துவிடும். பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் அந்தக் குணம்தான் காரணம். நடந்த நல்லதுக்கும் அதுதான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் பூம்பாறைக்கு அப்பால் ரோட்டில் மண் சரிந்து விழுந்தது. வண்டி பல நாள் ஓடவில்லை. அத்தான் வீட்டில் அடைந்து கிடந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "காலுக்குள்ளயே கெடக்காருடி, உன் கடையிலயாச்சும் கொண்டுபோய் ஒக்கார வையி" என்று அனுப்பிவைத்தாள். சும்மா இருக்கட்டுமே என்று நான் விளையாடுகிற துப்பாக்கி விளையாட்டை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். பாழடைந்த ஒரு தொழிற்சாலைக்குள் ஒருவரை ஒருவர் தேட வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்க்க வேண்டும் என்பதுதான் அதில் விசேஷம். காலடி இடது காதில் பலமாகக் கேட்டால் ஆள் இடப்பக்கம் வருகிறான், வலதில் கேட்டால் வலப்பக்கம். அடேயப்பா, இரண்டே நாளில் மனிதர் பிடித்துக்கொண்டார்! ஒவ்வொரு மூலையையும் கொண்டை ஊசி வளைவு மாதிரி நினைத்து, வேகத்தைக் குறைத்து, நின்று, காது கொடுத்து, அப்புறம்தான் திரும்புவார். கூட விளையாடிய கோயம்புத்தூர்ப் பையன்களும் மலையாளத்துப் பையன்களும் முகம் தெரியாமலேயே அவரை 'டிரைவர் அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ரோடு சரியானதும் வண்டி ஓடியது; ஆனால் ஓய்வு நாள் மத்தியானங்கள் விளையாட்டுக்கு என்று ஆகிவிட்டன. கடைசியில் வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் பூட்டித் தரச் சொன்னார். ஆசை ஆசையாகப் பூட்டிக் கொடுத்தேன்.

இங்கே சவுண்ட் கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே சத்தத்துக்கான சில்லு இருக்கும். அதற்குத்தான் ஆன்போர்டு என்று பெயர். நான் தொழில் பழகிய காலத்தில் அது படுமோசம். ஹெட்போனில் எப்போதும் ஒரு இரைச்சல். மவுஸை நகர்த்தினால் காதில் கீச்சென்று ஒரு சத்தம். அப்போது தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கிச் சொருகுவதில் அர்த்தம் இருந்தது. இப்போது போர்டுகள் எங்கேயோ போய்விட்டன. இருந்தாலும் விளையாட்டுப் பைத்தியங்கள் ஏதாவது வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, தனி கார்டு போட்டா எதிரி மூச்சு விடுறதுகூடக் கேக்குமாமே" என்று நிற்பார்கள். வருகிற வியாபாரத்தைக் கையால் தள்ளிவிடுகிற கடைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை, நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கு, அது போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு கெத்தும் இருந்தது.

அந்தக் கெத்தில்தான் அத்தான் கை வைத்தார். புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்குப் போன கொஞ்ச நாளிலேயே போன் வந்தது. "இடப்பக்கம் டல்லடிக்குது புள்ள. எவனோ ஒருத்தன் அந்தப் பக்கமாவே வந்து சுட்டுட்டுப் போயிட்டே இருக்கான்." நேரில் போய் ஹெட்போனை என் காதில் மாட்டிக் கேட்டேன். இரண்டு பக்கமும் கணீரென்று இருந்தது. "நல்லாத்தான கேக்குது!" என்றேன். "ஆன்போர்டுன்னா அப்படித்தானாம், நம்ம கோயம்புத்தூர்ப் பய சொல்றான். தனி கார்டு போடணுமாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! நான் பூட்டிய பெட்டி, நான் தேர்ந்தெடுத்த போர்டு, அதில் குறை சொல்ல எவனோ ஒரு கோயம்புத்தூர்ப் பயல். "பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. உங்க காதுலதான் கோளாறு!" என்று சொல்லிவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தானும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் அவர் விடவில்லை. முன்பக்க ஓட்டையில் சொருகியதால்தான் அப்படி இருக்கிறதோ என்று பின்பக்கம் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் "பரவால்ல" என்றார். மூன்றாம் நாள் மறுபடி இடப்பக்கம் சுடப்பட்டுச் செத்தார். செட்டிங்கில் ஏதோ தேவையில்லாமல் ஓடுகிறதோ என்று அதை எல்லாம் நிறுத்தினேன். அதுவும் உதவவில்லை. ஹெட்போனையே மாற்றினேன். பழைய ஹெட்போனைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தபோது இடது காதுப் பஞ்சு மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறி, பூண்டு வாடை அடித்தது. எனக்கு அது ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. பூம்பாறைக்காரர், அவர் சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டுகூடப் பூண்டு மணக்கும். துடைத்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் வேற சோலியே இல்லையா?" என்று அக்கா சலித்துக்கொண்டாள்.

கடைசியில் பந்தயம் கட்டினோம். கார்டு போட்டும் அவர் இடப்பக்கம் சுடப்பட்டால் அவர் பத்துப் பேர் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சரியாகிவிட்டால் நான் கேட்க வேண்டும். மதுரையிலிருந்து கார்டை வரவழைத்தேன். நல்ல கார்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஹெட்போனுக்குத் தனியாகப் பலம் கொடுக்கிற சமாச்சாரம் அதில் இருந்தது. சத்தத்தைத் திருகத் திருக ஏறிக்கொண்டே போகும். ஓய்வு நாள் மத்தியானத்தில் அவர் வீட்டில் சொருகிக் கொடுத்தேன். முதல் நாளே அத்தான் இடப்பக்கம் வந்தவனைத் திரும்பிச் சுட்டு வீழ்த்தினார். நாற்காலியை விட்டு எழுந்து ஒரு ஆட்டம் போட்டார் பாருங்கள், துண்டு ஒரு பக்கம், கடலை ஒரு பக்கம். மறுநாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கண்டக்டர், செக்கர், பூ விற்கிற அம்மா உட்பட எல்லோருக்கும், "என் கொழுந்தியா தோத்துட்டா!" என்று செய்தி போய்விட்டது. எனக்கு மூக்கு உடைந்தது மாதிரி ஆனது. ஊரறிய மன்னிப்புக் கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஆறவில்லை. என் காதுக்கு நன்றாகக் கேட்ட ஒரு பெட்டி எப்படித் தப்பாக இருக்கும்?

அந்த ஆற்றாமையில்தான் அடுத்த ஓய்வு நாள் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, அத்தான் கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திருட்டுத்தனம்தான். கார்டோடு வந்த மென்பொருளில் இடதுக்கு ஒரு கோடு, வலதுக்கு ஒரு கோடு, தனித்தனியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கலாம். நான் சொருகிக் கொடுத்தபோது இரண்டும் சமமாக இருந்தன. இப்போது இடது நூறில் நின்றது. வலது நாற்பதில் நின்றது. அத்தானே விளையாடி விளையாடிப் பார்த்து, தனக்கு எது சமமாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். இடது காதைக் கிழித்தது. வலதில் யாரோ அடுத்த அறையில் நடக்கிற மாதிரி கேட்டது. புது ஹெட்போன், அதன் இடது பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பூண்டு.

"அக்கா, அத்தான் காதுல என்ன போடுறாரு?" என்று கேட்டேன். அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "இடது காது கொஞ்சம் எரையுதுன்னு பூண்டத் தட்டிப் போட்டு எண்ணெ காச்சி ஊத்திக்கிடுவாரு. அவுக ஊர்ல எல்லாரும் அதத்தான செய்வாக." எத்தனை நாளாக என்றேன். "ரெண்டு வருசம் இருக்கும்டி. ஏன், என்ன?" நான் ஒன்றும் இல்லை என்றேன். அத்தான் வந்ததும், புதிதாக ஒரு சோதனை என்று பொய் சொல்லி ஹெட்போனை அவர் தலையில் திருப்பி மாட்டினேன். இடது பக்கத்தை வலது காதில், வலது பக்கத்தை இடது காதில். கோளாறு கார்டிலோ ஹெட்போனிலோ இருந்து, அந்த நூறும் நாற்பதும் அதை ஈடுகட்டியிருந்தால், எப்படி மாட்டினாலும் அவருக்குச் சமமாகத்தான் கேட்க வேண்டும். "ஐயோ, வலது காது கிழியுது புள்ள! இடதுல ஒண்ணுமே காணோம்" என்றார். "ஒயரு லூஸா இருக்கும்" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். நான் சிரித்து வைத்தேன்.

ஒரு விளையாட்டில் இடது காது கேட்காமல் போனால் என்ன குடி முழுகிப்போகும்? ஒன்றும் இல்லை. ஆனால் அத்தான் மறுநாள் வெள்ளனே வண்டி எடுப்பார். பூம்பாறை, கிளாவரை இருக்கிற மேல்மலைக்குப் போகிற ரோட்டில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கிவிட்டால் முகப்பு விளக்கின் வெளிச்சம் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கஜம் கூடப் போகாது. அப்போது டிரைவர்கள் காதால்தான் ஓட்டுவார்கள். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, பதில் ஹாரன் மேலேயிருந்து வருகிறதா, கீழேயிருந்து வருகிறதா, பக்கத்துத் தோட்டத்துப் பாதையிலிருந்து வருகிறதா என்று காது கொடுத்து, அப்புறம்தான் நகர்த்துவார்கள். நான் விளையாட்டில் பார்த்து வியந்த அத்தானின் பழக்கம் அங்கே பிறந்ததுதான். அந்த வண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள், சந்தைக்குப் போகிற பெண்கள் வருவார்கள், சில நாள் என் அக்காவே வருவாள்.

நம்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் மறுநாள் அவர் வண்டியிலேயே ஏறினேன். கிளாவரையில் ஒரு கம்ப்யூட்டர் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். பழைய வண்டி; இன்ஜின் டிரைவருக்கு இடப்பக்கம், பானெட்டுக்கு அடியில் இருந்தது. அத்தனை வருடமும் அந்த இரைச்சல் அவர் இடது காதில்தான் இறங்கியிருக்கிறது. பூம்பாறை தாண்டியதும் மஞ்சு மூடிக்கொண்டது. கண்டக்டர் அதற்குள் டிக்கெட் எல்லாம் கிழித்து முடித்துவிட்டு முன்படியில் போய் நின்றுகொண்டார், தலை வெளியே நீட்டியபடி. ஒரு வளைவு. இடப்பக்கத் தோட்டத்துப் பாதையிலிருந்து ஹாரன் கேட்டது. மறுபடியும் கேட்டது. எனக்குக் கேட்டது, எனக்குப் பின்னால் இருந்த பெண் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அத்தான் வண்டியை நிறுத்தவில்லை. கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி அடித்து, "நிப்பாட்டு!" என்று கத்தினார். பிரேக் போட்ட வேகத்தில் நான் முன் கம்பியில் மோதினேன். மஞ்சுக்குள்ளிருந்து கேரட் ஏற்றிய ஒரு ஜீப் எங்கள் முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ரோட்டில் ஏறிப் போனது. "ஹாரன் அடிக்காம வர்றான் பாரு, அறிவு கெட்டவன்" என்றார் அத்தான். கண்டக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

கவுஞ்சியில் வண்டி நின்றபோது கண்டக்டரைத் தனியாகப் பிடித்தேன். "ஹாரன் அடிச்சான் தாயி, ரெண்டு தடவ அடிச்சான்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அதனாலதான் பூம்பாறை தாண்டிட்டா நான் படிய விட்டு ஏறுறதில்ல." எத்தனை நாளாக அண்ணே என்றேன். "போன மழைக்கு முன்னாடியிருந்து. வாயத் தொறந்து சொன்னா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. சோறு போடுற தொழிலு." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க லீவு போடுற அன்னிக்கு யாரு படியில நிப்பா?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் லீவே போடலயே தாயி" என்றார்.

கிளாவரையில் வண்டி திரும்புவதற்கு அரை மணி நேரம் இருந்தது. டீக்கடைப் பெஞ்சில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இடது நூறு, வலது நாற்பது, திருப்பி மாட்டிய ஹெட்போன், ஜீப். கார்டு எதையும் குணப்படுத்தவில்லை, செத்த காதில் சத்தத்தை அள்ளிக் கொட்டியது, அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "தோத்துப்போனத ஒத்துக்க ஒனக்கு மனசு வரல. இப்ப என் காது மேல பழியப் போடுற. அன்னிக்கும் இதத்தான சொல்லிச் சிரிச்ச?" என்றார். சொன்னேன்தான், சிரித்தேன்தான். விளையாட்டாக வாய் விட்ட அதே வார்த்தையை இப்போது உண்மையாகச் சொல்ல வந்தால் யார் நம்புவார்கள்? என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. "நாளைக்குக் காலைக்குள்ள நீங்களே முதலாளிகிட்ட சொல்லுங்க அத்தான். இல்லாட்டி நான் சொல்லிருவேன்" என்றேன். "போய்ச் சொல்லிக்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பும் வழியெல்லாம் அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கண்டக்டர் படியிலேயே நின்றுவந்தார்.

மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போகலாம் என்று விடிந்ததும் கிளம்பினேன். அக்கா இனிமேல் என்னோடு பேசுவாளா என்ற பயம் வேறு. வழியில் கடைச் சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்று கடைப்பக்கம் வந்தால், படிக்கட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அவர் அந்நேரம் பூம்பாறையைத் தாண்டியிருக்க வேண்டும். "நேத்து வந்ததும் வெரசா அதத்தான் பாத்தேன்" என்றார். "ரெண்டு கோட்டையும் சமமா வச்சேன். கார்டுல சொருகிப் பாத்தேன். நீ சொன்ன ஆன்போர்டுலயும் சொருகிப் பாத்தேன். நேராவும் மாட்டுனேன், திருப்பியும் மாட்டுனேன். எல்லாத்துலயும் இந்தக் காதுதான் புள்ள தோக்குது." இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்த ஜீப்புக்காரன் நெசமாவே ஹாரன் அடிச்சானா?" என்றார். "அடிச்சான் அத்தான். ரெண்டு தடவ." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைக இருந்துச்சே" என்றார். அதையே மறுபடி மறுபடி சொன்னார். முதலாளியிடம் வண்டிச் சாவியை விடியற்காலையிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். "சரியாக்கிட்டு வா, பாப்பம்" என்றாராம் முதலாளி. அந்தப் 'பாப்பம்' எந்தப் பக்கம் சாயும் என்று அத்தானுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மஞ்சில் வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் கற்றுக்கொள்ளாத மனிதர் அவர்.

மதுரையில் காது டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் அம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். "என்னங்க, தாளிச்சு வச்சிருக்கீங்க!" என்றார். சின்ன வயதில் சீழ் வந்த காதாம், செவிப்பறையில் ஓட்டை. அதன் வழியாக இரண்டு வருடமாகப் பூண்டெண்ணெய் உள்ளே போய்ப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது. பிறகு சத்தம் நுழையாத ஒரு கண்ணாடி அறையில் அத்தானை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே இயந்திரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். வலது காதுக்கு விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது. இடது காதுக்கு இயந்திரத்தை இயக்கிய பெண் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள். விளக்கு எரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடி, வளைவில் நிற்கிற மாதிரி, அவ்வளவு கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். சத்தம் வந்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியவே இல்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுல நான் ரெண்டு வருசமாக் கத்திக்கிட்டேதான் இருந்திருக்கேன். கோவக்காரின்னு எல்லாரும் சொன்னீக. நானும் அப்படித்தான் நெனச்சேன்டி" என்றாள்.

புண் ஆற மருந்து, அதன் பிறகு ஓட்டையை அடைக்க ஆபரேஷன், அதன் பிறகு காத்திருப்பு. டாக்டர் அம்மா நம்பிக்கையாகத்தான் பேசினார். ஆனால் முழுதாகத் திரும்பும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அந்த மாதங்களில் அத்தான் என் கடையில்தான் இருந்தார். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, எண்ணெய் பக்கமே போகக் கூடாது, துப்பாக்கிச் சண்டையும் கூடாது. முதல் வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வாடிக்கையாளர்களிடம் வாய் கொடுக்க ஆரம்பித்தார். யாராவது ஒரு பையன் வந்து ஆன்போர்டு நல்லதா, தனி கார்டு நல்லதா என்று கேட்டால் போதும், என்னைப் பேசவிட மாட்டார். "இரு தம்பி. மொதல்ல இந்த ஹெட்போன நேரா மாட்டு. இப்பத் திருப்பி மாட்டு. ரெண்டுலயும் ஒண்ணா கேக்குதா? அப்ப ஆன்போர்டே போதும். கேக்கலன்னா கார்ட விடு, டாக்டரப் பாரு." எனக்கு வியாபாரம் பாதியாகக் குறைந்தது என்று கேலி பண்ணுவேன். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு விடுதிச் சமையல்காரருக்கு வலது காது மந்தம் என்று தெரிந்து, டாக்டரிடம் காது அழுக்கை எடுத்துவிட்டு வந்து அவர் எங்களுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் என் கடையில் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்க்காமல் யாரும் வாங்கிப் போக முடியாது.

ஆபரேஷன் முடிந்து காது ஆறியதும், கடைசிச் சோதனைக்கு மறுபடி மூன்று பேருமாக மதுரைக்கு இறங்கினோம். அதே கண்ணாடி அறை, அதே பெண். வலது முடிந்து இடதுக்கு மாற்றினாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள், எரிந்தது. இன்னும் குறைத்தாள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. கொஞ்சம் தாமதித்து, மறுபடி எரிந்தது. அதற்குக் கீழே இரண்டு இடத்தில் எரியவில்லை. முழுதாக வரவில்லை, ஆனால் வண்டி ஓட்டப் போதும் என்று டாக்டர் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இப்போதும் கிளாவரை வண்டி அத்தான் கையில்தான் இருக்கிறது. கண்டக்டர் முதல் வேலையாக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மாமியார் ஊருக்குப் போனார்.

கையெழுத்தான அன்றைக்கு, மருந்து வாங்கிவிட்டு நாங்கள் ஆஸ்பத்திரி நடையில் நின்றோம். ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். அத்தான் தாளை இரண்டாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அக்கா அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றதால் எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. "கெளம்புவமாங்க? மலைக்குப் போற கடைசி வண்டி போயிரும்" என்று, எத்தனையோ நாளுக்குப் பிறகு, தணிந்த குரலில் கேட்டாள்.

"போவம்" என்றார் அத்தான், சுவரைப் பார்த்தபடியே.

அக்கா அங்கேயே நின்று அழுதுவிட்டாள். அந்த விசும்பலும் கேட்டுத்தான் அவர் அவள் பக்கம் திரும்பினார்.